எழுத்தாளர் சுஜாதாவும் நாடக மேடையும்

இவ்விதழில் இதுகாறும் யாம் எழுதி வந்த வியாசங்கள் பெரும்பாலும் பண்டைப் புலவர்களையும் அவர்களைப் புரந்த வள்ளல்களையும் பற்றியனவாகும். இம்மாதம் துப்பறியுங் கதைகளும் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளும் எழுதிய ஒருவருடைய வரலாற்றை எழுதப் புகுந்தமை கண்டு மூத்தோர் சிலர் வியப்படையக் கூடும். அதற்குரிய காரணத்தை முதலிலேயே கூறிவிடுதல் முறை.

சென்ற ஆண்டு நம் ஆண்டுவிழாவுக்கு இரு மாதங்களுக்கு முன் நம் இளைஞர் சிலர் ஒரு நாடகம் நடிக்க விரும்பி விழாக் குழுவினரிடம் அனுமதி கேட்டனர். நாடகத்தின் பெயர் 'கடவுள் வந்திருந்தார்' என்பது. அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில், இது தெய்வ நிந்தனையாக இருக்கும் என்றார் ஒருவர். துப்பறியுங் கதை எழுதியவருடைய நாடகத்தில் வேறென்ன இருக்கும் என்றார் மற்றொருவர். குழுவில் யாமும் ஒருவர். தமிழாசிரியர் என்ற முறையில் எம் கருத்தைக் கேட்டனர். அந்நூலை ஒரு பக்கமேனும் புரட்டிப் பாராத யாம், 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டோம். பிள்ளைகள் மறுமொழி கூறாது எழுந்து சென்றனர். கோடை விடுமுறையில் அந்நூல் எம் கைக்கு வந்தது. படித்து முடித்தபோது எமக்கு நாணமே மிகுந்தது. அந்நாணத்தின் பயனாகவே அவ்வாசிரியரின் சரித்திரத்தைத் தேடிப் படித்தோம். படித்ததை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

நாடகமும் நம் ஊரும்

நாடகம் நம் புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதன்று. தவத்திரு சங்கரதாச சுவாமிகள் (1867-1922) யாத்த நாடகங்கள் இன்றும் நம் கிராமத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறுகின்றன. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வெவ்வேறு ஊரிலுள்ள நடிகர்கள் அவ்வவ்விரவுக்கென ஒப்பந்தம் செய்யப்பெற்று ஒரே மேடையில் வந்து கூடி, ஒத்திகையின்றியே 'வள்ளி திருமணம்' நடத்துங் காட்சியை நம்முள் கண்டறியாதார் யார்?

நம் ஊரிலே 1916-ஆம் ஆண்டு பிறந்த பி. யு. சின்னப்பா சிறு பிராயத்திலேயே பாலர் நாடகக் கம்பெனியிற் சேர்ந்து, பாடியும் நடித்தும் பேர் பெற்று, பின்னர்த் திரைப்படத்திற் புகுந்து கொடிகட்டியவர். அவர் நடித்து 1936-இல் வெளிவந்த 'சந்திரகாந்தா' என்னும் படம் ஜே. ஆர். ரங்கராஜு என்பார் எழுதிய துப்பறியும் நாவலொன்றைத் தழுவியதாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகிய மூவரும் எழுதிக் குவித்த மர்ம நாவல்களைப் பண்டிதர்கள் தீண்டத்தகாதனவாக ஒதுக்கினர். நாடகக் கம்பெனியார் ஒதுக்கவில்லை. எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களை நாடகமாக்கி மேடையேற்றினார். புராணக் கதைகளே நடந்துவந்த மேடையில், சமகாலத்து மனிதர் சமகாலத்து உடையணிந்து பேசிய நாடகங்கள் இவ்வழியாகவே பரவின. வடுவூராருடைய 'மேனகா'வும் டி. கே. எஸ். சகோதரர்களால் நாடகமாகி, 1935-இல் திரைப்படமும் ஆயிற்று. ஆகவே துப்பறியுங் கதைக்கும் மேடைக்கும் உள்ள உறவு பழைய உறவே. அவ்வுறவைப் பிற்காலத்தில் புதுப்பித்தவரே நம் கட்டுரைக்குரியவர்.

பிறப்பும் கல்வியும்

சுஜாதா என்பது புனைபெயர். இயற்பெயர் ரங்கராஜன். 1935-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியிற் பிறந்தார். தந்தையார் மின்சாரத் துறையிற் பணியாற்றி ஊர் ஊராக மாற்றலாகிச் செல்ல நேர்ந்தமையால், பிள்ளை ஸ்ரீரங்கத்தில் பாட்டியாரிடத்தே வளர்ந்தார். நம் ஊரிலிருந்து திருச்சிக்குப் பேருந்தேறி, காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். நம்மவர் பலர் வைகுண்ட ஏகாதசிக்கு ஆண்டுதோறும் சென்று வரும் அச்சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் ஓடியாடிய சிறுவரே பிற்காலத்தில் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என்னும் கதைகளை எழுதினார். திண்ணை, கோபுர வாசல், மட்டைப்பந்து ஆடும் பையன்கள், வறுமையை மறைத்து வாழும் குடும்பங்கள் ஆகியன அக்கதைகளில் உள்ளன.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகமும், சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம். ஐ. டி. என்னும் தொழில்நுட்பக் கழகத்தில் மின்னணுவியலும் பயின்றார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராய் விளங்கிய அப்துல் கலாம் அவருடன் ஒரே காலத்தில் அங்குப் பயின்றவர். பின்னர் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையிற் பணியேற்று, தில்லி முதலிய இடங்களில் இருந்தார். அதன்பின் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் பொறியாளராக விளங்கினார். இன்று நாம் வாக்குச் சாவடியில் விரலால் அழுத்தும் மின்னணு வாக்கு இயந்திரத்தை அந்நிறுவனம் உருவாக்கியபோது அப்பணியை மேற்பார்த்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவருடைய கதை ஒன்றேனும் படியாதவர் நம்மில் இருக்கலாம். அவர் கைபட்ட கருவியைத் தொடாத வாக்காளர் அரியர்.

இவை யாவும் பகற்பொழுதின் உத்தியோகம். எழுத்தெல்லாம் எஞ்சிய பொழுதின் விளைவு. காலையிற் பள்ளிக்குச் சென்று மாலையிற் களைத்து மீளும் எம்மைப் போன்றோர்க்கு இஃதொன்றே பெரும் பாடமாம்.

கதைகள்

அவருடைய முதற்கதை 1953-இல் திருச்சியிலிருந்து வெளிவந்த 'சிவாஜி' என்னும் பத்திரிகையில் அச்சேறியது. 1962-இல் 'குமுதம்' இதழில் 'இடது ஓரத்தில்' என்ற கதை வந்தது. அவ்விதழில் ரா. கி. ரங்கராஜன் என்னும் பெயருடைய எழுத்தாளர் முன்னரே இருந்தமையால், பெயர் மயக்கம் நேராதிருக்கத் தம் மனைவியாரின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். அப்பெயராலேயே நாடு அவரை அறிந்தது.

1968-இல் 'நைலான் கயிறு' என்னும் தொடர்கதை குமுதத்தில் வெளிவந்தது. கணேஷ் என்னும் வழக்கறிஞர் இதிற்றான் முதன்முதல் தோன்றுகின்றார். வசந்த் என்னும் குறும்புக்கார உதவியாளர் பின்னர் வந்து சேர்ந்தார். அவ்விருவரும் வரும் கதைகள் பலவாயின. மேனாட்டுத் துப்பறிவோனைப் பெயர் மாற்றி நம் நாட்டில் நடமாட விடுவது முன்னோர் சிலர் கையாண்ட வழி. சுஜாதாவின் கணேஷ் நம் நாட்டு நீதிமன்றத்தையும், நம் நாட்டுக் காவல் நிலையத்தின் நடைமுறையையும் அறிந்தவர். குற்றவாளியைப் பிடிப்பதோடு அவர் கடமை முடிவதில்லை. சான்று போதுமா, சட்டம் இடங்கொடுக்குமா என்பனவும் அவர் கவலைகளாம்.

விஞ்ஞானக் கற்பனையிலும் அவர் வழிகாட்டி. 'ஆனந்த விகட'னில் வெளிவந்த 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாய் மனிதரினும் நுண்ணறிவோடு பேசும். தமிழ் அறியாத இயந்திரங்களைத் தமிழ் பேச வைத்த பெருமை அவருக்குண்டு. 'கணையாழி' மாத இதழின் கடைசிப் பக்கங்களில் 'ஸ்ரீரங்கம் எஸ். ஆர்.' என்ற பெயரால் ஆண்டுக்கணக்கில் குறிப்புகள் எழுதினார். புறநானூற்றுக்கு எளிய அறிமுகமும் திருக்குறளுக்குப் புதிய உரையும் இயற்றினார். அவ்வுரைகளில் எமக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல உண்டு. ஆயினும் பாட்டென்றாலே அஞ்சி ஓடும் மாணாக்கன் ஒருவன் அவர் நூலைப் படித்துவிட்டு மூலத்தைக் கேட்டு எம்மிடம் வந்ததுண்டு. அத்தகையானைப் பழித்தல் எங்ஙனம்?

'காயத்ரி' (1977), 'ப்ரியா' (1978) முதலாகப் பல கதைகள் திரைப்படமாயின. 'ரோஜா' (1992) முதலிய படங்களுக்கு உரையாடலும் எழுதினார். அதனைப் பலரும் அறிவாராதலின் ஈண்டு விரிக்கவில்லை.

நாடக மேடை

இலட்சக்கணக்கானோர் படிக்கும் வார இதழ்களில் எழுதிய ஒருவர், சில நூறு பேர் அமர்ந்து காணும் மேடைக்கு ஏன் எழுதவேண்டும்? இவ்வினாவே எம்மைப் பெரிதும் ஈர்த்தது.

அவர் எழுதியது நம் திருவிழா மேடைக்கன்று, தொழில்முறைக் கம்பெனிக்குமன்று. பகலில் அலுவலகம் சென்று, மாலையில் ஒத்திகை பார்த்து, ஆர்வத்தின் பொருட்டு நடிக்கும் அன்பர்களின் சபா மேடைக்காகும். சபாவில் உறுப்பினர் சந்தா செலுத்துவர். மாலையில் வந்து அமர்வர். இரண்டு மணி நேரத்தில் நாடகம் முடிதல் வேண்டும். மேடையில் ஒரு வீட்டுக் கூடம், ஒரு வாசற்கதவு, இரண்டு நாற்காலி, அவ்வளவே. பாட்டில்லை, ஆர்மோனியமில்லை, பட்டாடையும் கிரீடமுமில்லை. பேச்சு ஒன்றே துணை. பேச்சுத் தளர்ந்தால் பார்ப்போர் தளர்வர். ஏட்டில் எழுதுவோன் தன் வாசகன் எந்த வரியில் கொட்டாவி விட்டான் என்பதை அறியான். மேடைக்கு எழுதுவோன் அன்றிரவே அறிவான்.

அவருக்கு வாய்த்த நடிகர் பூர்ணம் விஸ்வநாதன். அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 1947-இல் நாடு விடுதலையுற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையதே. தில்லியில் தமிழ் நாடகம் வளர்த்த அன்பர்களுள் ஒருவராயிருந்து, பின்னர்ச் சென்னையில் தம் பெயராலேயே ஒரு குழு அமைத்துச் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். 'ஒரு கொலை ஒரு பிரயாணம்', 'கடவுள் வந்திருந்தார்', 'அடிமைகள்', 'டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு', 'ஊஞ்சல்', 'சிங்கமய்யங்கார் பேரன்', 'அன்புள்ள அப்பா', 'பாரதி இருந்த வீடு' என அவர் நாடக வரிசை நீளும். ஓர் ஆசிரியரும் ஒரு நடிகரும் இங்ஙனம் நெடுங்காலம் ஒருவரையொருவர் நம்பித் தொழிற்பட்டமை தமிழ் மேடையில் அரிதாகக் காணப்படுவது.

பூர்ணம் நடுவயதைக் கடந்தவராதலின், அவருக்கென எழுதிய நாடகங்களில் முதியவரே தலைவராயினர். வாலிபனும் கன்னியும் தலைமை தாங்கும் கதைகளுக்கிடையே, ஓய்வு பெற்ற கிழவர் நடுமேடையில் வந்து நின்றார். அவருடைய துப்பறியுங் கதைகளைப் படித்தோர் எதிர்பாராத இரக்கம் இந்நாடகங்களில் உண்டு. 'ஊஞ்சல்' நாடகத்தில், தாம் செல்வாக்கோடிருந்த காலத்தையே பற்றிக்கொண்டு, தம்மைக் கடந்து சென்றுவிட்ட உலகம் மீண்டும் அழைக்கும் என்று காத்திருக்கும் தந்தையைக் காண்கின்றோம். அத்தகைய தந்தையர் நம் சங்கத்துக் குடும்பங்களில் இல்லையா? திண்ணையில் அமர்ந்து, வருவோர் போவோரிடமெல்லாம் தாம் பணியாற்றிய கச்சேரியின் கதையைக் கூறும் பெரியவரை, 'தாத்தா ஆரம்பித்துவிட்டார்' என்று சொல்லி நாம் அகல்வதில்லையா?

இனி 'கடவுள் வந்திருந்தார்' என்பதன் கதையைச் சுருங்கச் சொல்வோம். சீனிவாசன் என்பவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வருகின்றார். அவரிடத்தே எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து சேர்கின்றான். அவன் அவர் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவான். அவனோடு அவர் பேசுவது பிறர்க்குத் தாமே பேசிக்கொள்வதாகத் தோன்றுகின்றது. மனைவியும் மகளும் கலங்குகின்றனர். அவருக்குப் பித்தேறிவிட்டது என்று முடிவு செய்கின்றனர். வைத்தியமும் மாந்திரிகமும் நடக்கின்றன. அவர் சொல்வது உண்மையோ என்று கேட்பார் ஒருவருமில்லை. பின்னர்ச் சில அற்புதங்கள் நிகழக் கண்டதும், பித்தர் என்றவர்களே அவ்வீட்டிற் கடவுள் வந்திருப்பதாகக் கருதிக் கைகூப்பி நிற்கின்றனர். முன்னர் இகழ்ந்ததும் ஆராயாமல். பின்னர் வணங்கியதும் ஆராயாமல். இதில் தெய்வ நிந்தனை எங்குளது? கேளாமலே தீர்ப்புக் கூறும் மனிதரைப் பார்த்து ஆசிரியர் நகைக்கின்றார். படித்துக்கொண்டு வந்த யாம், அக்கூட்டத்தில் எம்மையும் கண்டோம். பெயரை மட்டும் கேட்டு 'வேண்டாம்' என்றவர் யாமல்லமோ?

'டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு' என்பதில் மருத்துவர் ஒருவரைக் குற்றக் கூண்டில் நிறுத்தி, நீதிமன்ற விசாரணையையே நாடகமாக்கினார். கணேஷ் என்னும் வழக்கறிஞரைப் படைத்தவருக்கு விசாரணை என்பதிலேயே ஒரு தணியாத பற்று இருந்தது போலும். குற்றஞ் சாட்டப்பட்டவன் சொல்லையும் கேட்டே தீரவேண்டும் என்பது அவர் கதைகளுக்கும் நாடகங்களுக்கும் பொதுவான நெறி.

ஒரு தொடர்கதைக்கு நேர்ந்தது

அந்நெறியை அவருக்கே நம் நாட்டார் மறுத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1980-களில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்னும் தொடர்கதையைக் குமுதத்தில் தொடங்கினார். 1857-ஆம் ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சியைப் பின்புலமாகக் கொண்ட சரித்திரக் கதை அது. சில அத்தியாயங்களே வெளிவந்த நிலையில், தம்மைப் பற்றிய குறிப்பு இழிவானது என்று ஒரு சமூகத்தார் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பு வலுத்தது. கதை நிறுத்தப்பட்டது. பின்னர் அவரே அதனை மாற்றி 'ரத்தம் ஒரே நிறம்' என்னும் பெயரால் எழுதி முடித்தார். அப்பெயரே அவர் கூறிய விடையெனக் கொள்ளலாம்.

சமூகச் சங்கத்தின் இதழிலே இதனை எழுதுவதற்கு யாம் தயங்கினோம். ஆயினும் வேறெங்கு எழுதுவது? தம் குலத்தாரை இழித்துரைத்தால் மனம் புண்படுதல் இயற்கை. அப்புண்ணை இகழ்ந்து பேச எமக்கு உரிமையில்லை. நம் முன்னோரும் அத்தகைய சொற்களைச் சுமந்தவரே. கேள்வி ஒன்றே. கதையின் தொடக்கத்தில் ஒரு பாத்திரம் பேசும் பேச்சு, கதையின் முடிந்த முடிபு ஆகுமா? கதை முடியும் வரை பொறுத்திருந்து, முழுதும் படித்து, அதன் பின்னரும் குறையிருப்பின் எழுத்துக்கு எழுத்தால் மறுமொழி தருதல் இயலாதா? பொறுத்திருந்தால் அக்கதை எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை இனி எவரும் அறிய முடியாது. எதிர்த்தவர்க்கும் அது நட்டமே.

பண்டிதர்களாகிய எமக்கு இவ்விடத்திற் சிலப்பதிகாரமே நினைவுக்கு வருகின்றது. பொற்கொல்லன் சொல்லை நம்பி, கோவலனை ஒருமுறையேனும் அழைத்து வினவாது ஆணையிட்டான் பாண்டியன். வினவியிருந்தால் ஒரு சிலம்பின் பரலே உண்மையை உரைத்திருக்கும். அக்கோவலனாக 1942-இல் 'கண்ணகி' திரைப்படத்தில் நடித்தவர் நம் ஊர்ச் சின்னப்பாவே. அதைக் கண்டு கண்ணீர் வடித்தோரின் பேரப்பிள்ளைகளாகிய நாம், பெயரைக் கேட்ட அளவிலே ஒரு நாடகத்தைத் தள்ளினோம்.

முடிவுரை

சுஜாதா 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் சென்னையிற் காலமானார். அவர் நாடகங்களுக்கு உயிர் கொடுத்த பூர்ணம் விஸ்வநாதனும் அதே ஆண்டு அக்டோபர் முதல் நாளில் மறைந்தார். ஆசிரியரும் நடிகரும் ஓராண்டுக்குள்ளேயே சென்றனர். நாடக நூல்கள் அச்சிலுள்ளன. ஆனால் அச்சிலுள்ள நாடகம் உறையிலிட்ட வீணை போன்றது; எடுத்து வாசிப்பார் வேண்டும். நாவலைத் தனித்திருந்து படிக்கலாம். நாடகத்துக்கோ பத்துப் பேர் கூடவேண்டும்; ஒருவர் சொல்லுக்கு ஒருவர் காத்திருக்கவேண்டும்; எதிரிலிருப்பவன் பேசி முடிக்கும் வரை வாய் திறவாதிருக்கப் பழகவேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதனினும் சிறந்த பயிற்சி யாம் அறியோம்.

ஆதலின் விழாக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். சென்ற ஆண்டு யாம் கூறிய 'வேண்டாம்' என்னும் சொல்லை இவ்வியாசத்தின் வாயிலாகத் திரும்பப் பெறுகின்றோம். பொருட்செலவுக்கு அஞ்சவேண்டுவதில்லை, ஒரு கூடமும் இரண்டு நாற்காலியும் போதும். அந்நூலின் படி ஒன்று எம் வீட்டில் இருக்கின்றது. மூத்தோர் எவரும் வந்து வாங்கிச் சென்று, முதலிலிருந்து முடிவு வரை படித்துப் பார்க்கலாம். படித்த பின்னரும் தகாது என்று தோன்றுமாயின் அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்படுவோம். தகும் என்று தோன்றின், இவ்வாண்டு விழாவில் நம் பிள்ளைகள் அதனை நடிக்கட்டும். ஒத்திகைக்கு மாலைதோறும் உடனிருந்து, உச்சரிப்புத் திருத்திக் கொடுக்கும் பணியை யாம் ஏற்கின்றோம். சீனிவாசன் வேடத்துக்கு மட்டும் வாலிபர் ஒருவருக்கு நரைமுடி ஒட்டவேண்டாம். நம் சங்கத்திலே ஓய்வு பெற்ற பெரியவர் பலர் உளர். அவர்களுள் ஒருவர் முன்வந்தால், சென்ற ஆண்டு மறுமொழியின்றி எழுந்து சென்ற பிள்ளைகள் அவரோடு ஒரே மேடையில் நிற்பர்.